தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கணக்குத் திறனைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து, கணக்கில் எது பிடிபட்டிருக்கிறது, எது பிடிபடவில்லை என்று பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. குழந்தை எழுந்து போனதும் அம்மாவோ அப்பாவோ வகுப்பாசிரியரோ வந்து உட்காருவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறாது. அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை பின்னால் வரும்.

ஸ்கூல்லதான் பரீட்சை வைக்கிறாங்களே, தனியா ஒரு சோதனை எதுக்கு?

பரீட்சை எவ்வளவு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. இரண்டு குழந்தைகள் நூற்றுக்கு அறுபது வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்கு நடுவில் பூஜ்யம் வரும் கணக்கெல்லாம் தவறு. இன்னொரு குழந்தைக்கு எண் கணக்கெல்லாம் சரி, ஆனால் வாக்கியமாக எழுதிய கணக்கு ஒன்றையும் தொடவில்லை. இருவருக்கும் ஒரே மதிப்பெண் என்றாலும் நாளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றல்ல.

நான் இங்கே பேசும் சோதனை அந்த ‘எங்கே’யைக் கண்டுபிடிக்கத்தான். யார் முதலிடம், யார் கடைசி என்பதற்கு இதில் வேலை இல்லை. சோதித்த பிறகு கற்பிப்பதில் எதுவும் மாறாது என்றால் அந்தச் சோதனையை வைக்கவே வேண்டாம்.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட என்னத்தைச் சோதிக்க? நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றானே.

சொல்வது வேறு, எண்ணுவது வேறு. நூறு வரை சொல்லத் தெரிந்த குழந்தையிடம் ஒரு கைப்பிடி மணிகளைக் கொடுத்து, “இதில் எனக்கு ஏழு கொடு” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். சிலர் ஏழைத் தாண்டி எண்ணிக்கொண்டே போவார்கள். சிலர் ஒரே மணியை இரண்டு முறை தொடுவார்கள். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் குழந்தைக்கு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் எட்டவில்லை. எண்ணுவதற்குள் இப்படிப் பல அறிவுகள் ஒளிந்திருப்பதை 1978இல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண்ணே மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எங்கிருந்து எண்ணினாலும் மொத்தம் ஒன்றுதான் என்பவை அவை.

சொல்வதிலும் கவனிக்க ஒன்று உண்டு. தமிழில் இருபது, முப்பது, எழுபது, எண்பது என்று ‘பது’வில் வந்துகொண்டிருந்த வரிசை, தொண்ணூறில் திடீரென்று ‘நூறு’ சாயலுக்கு மாறிவிடுகிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு குழந்தை தயங்கினால் அது மறதியாக இருக்க வேண்டியதில்லை. அதுவரை கண்டுபிடித்த ஒழுங்கு அங்கே உடைவதால் நின்று யோசிக்கிறது. அந்த இடத்தில் தயங்குகிற குழந்தை ஒழுங்கைக் கவனித்திருக்கிறது என்பதால் எனக்கு அது நல்ல அறிகுறி.

எந்த வகுப்புக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கா?

பாடத்திட்டம் ஒவ்வொன்றிலும் பட்டியல் இருக்கிறது. சோதிக்கும்போது நான் அதைப் படிக்கட்டாகத்தான் பார்க்கிறேன். பொருளை எண்ணுவது, எண்ணைப் பார்த்துப் படிப்பது, பத்து பத்தாகக் கட்டுவது, கடன் வாங்காத கழித்தல், கடன் வாங்கும் கழித்தல், பெருக்கல், மீதி வரும் வகுத்தல், பின்னம். குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் நமக்குத் தேவை.

இந்தியக் கிராமங்களில் 2005 முதல் வீடு வீடாகப் போய் நடத்தப்படும் ஏசர் ஆய்வில் கணக்குக்கு நான்கே படிகள்தான்: ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணை அடையாளம் காண்பது, ஈரிலக்க எண், கடன் வாங்கும் ஈரிலக்கக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. கழித்தலில் தொடங்குவார்கள். வந்தால் மேலே வகுத்தலுக்கு, வராவிட்டால் கீழே எண்ணுக்கு. இந்த மேலே-கீழே போகும் முறை வீட்டிலும் அப்படியே உதவும். ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்வேன்: குழந்தைக்கு நிச்சயம் தெரிந்த ஒன்றில் தொடங்குவேன். முதல் கேள்வியிலேயே தோற்ற குழந்தை அடுத்த ஐந்து கேள்விக்கு வாயைத் திறக்காது.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க நேரம் எங்கே இருக்கிறது?

ஒரே நாளில் முடியாது. ஒரு நாளைக்கு நான்கு பேர் என்றால் பத்து வேலைநாளில் நாற்பது பேரும் முடிந்துவிடும். ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் போதும். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து செய்யலாம். அதற்கும் வழியில்லை என்றால் எல்லாருக்கும் ஆறு கணக்கு எழுதக் கொடுத்து, விடை புதிராக இருக்கும் குழந்தைகளை மட்டும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஆனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் வாய்மொழிக்கு மாற்று கிடையாது. அந்த வயதில் எழுத்துத் தேர்வு வைத்தால் கணக்கோடு சேர்த்து வாசிப்பையும் கையெழுத்தையும் சோதித்துவிடுகிறோம். பல நாடுகளில் ஆரம்ப வகுப்புகளுக்குப் பயன்படும் ஈ.ஜி.எம்.ஏ. என்ற கணக்கு மதிப்பீடும், மேலே சொன்ன ஏசரும் ஒரு குழந்தை ஒரு பெரியவர் என்ற முறையில் வாயால் கேட்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பக்கத்துல உட்கார வெச்சுட்டேன். இப்ப என்ன கேக்கணும்?

கணக்கைக் கேளுங்கள். விடை வந்ததும் “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேளுங்கள். முழுச் சோதனையின் உயிரும் இந்த ஒரு கேள்விதான். விடை தவறாக இருக்கும்போது மட்டும் இதைக் கேட்டால் குழந்தை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும். கேட்ட உடனே விடையை மாற்றிச் சொல்லும். அதனால் சரியான விடைக்கும் அதே குரலில், அதே முகத்தோடு கேட்க வேண்டும்.

எட்டும் ஏழும் எவ்வளவு என்று கேட்டால் நான்கு குழந்தைகளும் பதினைந்து என்பார்கள். ஒரு குழந்தை எட்டு விரல், ஏழு விரல் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கும். அடுத்த குழந்தை எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து என்று மேலே எண்ணியிருக்கும். மூன்றாவது குழந்தை, “ஏழுல இருந்து ரெண்டை எடுத்து எட்டோட சேர்த்தா பத்து, இன்னும் அஞ்சு இருக்கு” என்னும். நான்காவது குழந்தை, “ஏழும் ஏழும் பதினாலு, அதோட ஒண்ணு” என்னும். தாளில் நான்குக்கும் ஒரே சரிக்குறிதான் விழும். ஆனால் முதல் குழந்தை முப்பத்தெட்டோடு இருபத்தேழைக் கூட்டும்போது திணறப்போகிறது என்பதை இன்றே சொல்லிவிடலாம். மூன்றாவது குழந்தைக்கு அந்தக் கவலையே இல்லை.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மில் பெரும்பாலானோர் மூன்று எண்ணுவதற்குள் உதவிக்குப் பாய்ந்துவிடுகிறோம், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தேன். தலையசைப்பது, புருவம் தூக்குவது, “ம்... யோசிச்சுப் பாரு” என்பது எல்லாமே விடையைக் கசியவிடும்.

ஒரே கேள்வியை ரெண்டாவது தடவை கேட்டா பதிலை மாத்திடுறா. எதை எடுத்துக்கிறது?

குழந்தைகள் கணக்கை மட்டும் கேட்பதில்லை, நம் மனதில் என்ன இருக்கிறது என்றும் கவனிக்கிறார்கள். பெரியவர் அதையே திரும்பக் கேட்டால் முன்பு சொன்னது தவறு என்று எடுத்துக்கொள்வது அவர்கள் அனுபவம். உளவியலாளர் பியாஜே செய்த பிரபலமான சோதனை ஒன்றில் இரண்டு வரிசையில் சமமாகப் பொருள்களை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் அகலமாக்கி, “இப்போது சமமா?” என்று கேட்பார்கள். சிறு குழந்தைகள் இல்லை என்பார்கள். 1974இல் மெக்காரிகில், டொனால்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதே சோதனையில் பெரியவருக்குப் பதில் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வரிசையைக் கலைப்பதுபோல் செய்தார்கள். வழக்கமான முறையில் சுமார் 16 சதவீதக் குழந்தைகளே சரியாகச் சொன்னார்கள். பொம்மை கலைத்தபோது 60 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னார்கள். கேட்ட விதம் மாறியதும் குழந்தைகளின் ‘அறிவு’ம் மாறிவிட்டது.

ஆகவே அதே கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள். எண்ணை மாற்றி, அதே வகைக் கணக்கை இன்னொன்று கொடுங்கள்.

கழித்தல்ல மட்டும் எப்பவும் தப்பு. கவனக்குறைவுன்னு டீச்சர் சொல்றாங்க, சரியா?

கவனக்குறைவு ஓரிடத்தில் நிற்காது, அங்கங்கே சிதறும். எப்போதும் ஒரே இடத்தில் தவறு வருகிறது என்றால் அங்கே ஒரு விதி இருக்கிறது. குழந்தை தானே செய்துகொண்ட விதி, அதை மிகக் கவனமாகக் கடைப்பிடிக்கிறது. 1978இல் பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஏராளமான குழந்தைகளின் கழித்தல் தாள்களை அலசி, தவறுகளில் பல இப்படிப்பட்ட உறுதியான பிழைவிதிகளிலிருந்து வருவதாகக் காட்டினார்கள். கணினி நிரலில் வரும் பிழையைப்போல, எண்ணைக் கொடுத்தால் அந்தக் குழந்தை என்ன தவறான விடை சொல்லும் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம், மூன்று கணக்கு போதும். முதலில் 52 − 27. விடை 25. குழந்தை 35 என்று எழுதினால், மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்துவிட்டது. “பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்” என்று யாரோ சொன்னதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் பொருத்திவிட்டது. சொன்னவர் நாமாகவே இருக்கலாம். அடுத்தது 60 − 34. விடை 26. முதல் பிழைவிதியில் போகும் குழந்தை 34 எழுதும். 30 என்று எழுதினால் அது வேறு விதி: பூஜ்யத்தில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததிலிருந்து எடுத்தாலும் ஒன்றுமில்லை. மூன்றாவது 503 − 127. விடை 376. இங்கே 476 வந்தால், குழந்தை பூஜ்யத்தை ஒன்பதாக மாற்றக் கற்றிருக்கிறது, ஆனால் அந்தக் கடன் நூறிலிருந்து வந்தது என்று தெரியாததால் ஐந்தைக் குறைக்கவில்லை.

மூன்று குழந்தைகளுக்கும் “கழித்தல் வராது” என்று ஒரே குறிப்பு எழுதி, இருபது கழித்தல் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால், தவறான விதியை இருபது முறை பழக வைக்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கெட்டிக்காரத்தனத்தோடு செய்த ஒன்றுக்குக் ‘கவனமில்லை’ என்ற பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது அந்தக் குழந்தை.

அப்போ கேள்வித்தாளை நாங்களே தயார் பண்ணலாமா?

தாராளமாக. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: தவறான விடை வந்தால் அது ஏதாவது சொல்ல வேண்டும். 78 − 25 என்ற கணக்கில் கடன் வாங்கத் தேவையே இல்லை, ஆகவே மேலே சொன்ன மூன்று பிழைவிதிகளில் எதை வைத்திருந்தாலும் விடை சரியாக வரும். எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கேள்வித்தாளின் பாதி வேலை இருக்கிறது.

சில உதாரணங்கள். ‘நூற்று ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 1005 வந்தால் இடமதிப்பு இன்னும் வரவில்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. வகுத்தலுக்கு 618 ÷ 6 கொடுங்கள். 103க்குப் பதில் 13 வரும் இடம் அது. ஐந்தாம் வகுப்புக்கு 4.5, 4.35, 4.125 மூன்றையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லுங்கள், 4.5ஐ முதலில் வைக்கும் குழந்தை புள்ளிக்குப் பின் உள்ளதை முழு எண்ணாகப் படிக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்பதும் அதே போன்ற கேள்விதான்.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது: 8 + 4 = ☐ + 5. கட்டத்தில் என்ன வரும்? அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் இதைக் கேட்டபோது, அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றார்கள். ஏழு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சமக்குறி என்றால் “இந்தா விடை” என்று அர்த்தம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சமம் என்று அல்ல. ஆறு வருடக் கூட்டல் கணக்குகள் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் எல்லாக் கணக்கிலும் விடை வலது ஓரத்தில்தான் இருந்தது.

கூட்டல் கழித்தல் நல்லா போடறான். வாக்கியமா கொடுத்தா மட்டும் “கூட்டணுமா கழிக்கணுமா”ன்னு கேக்கறான்.

இதில் மூன்று முடிச்சு இருக்கலாம்: வாசிக்க வரவில்லை, வாசித்தது புரியவில்லை, புரிந்ததைக் கணக்காக்கத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்க, முதலில் அவனே படிக்கட்டும். முடியாவிட்டால் நீங்கள் படித்துக் காட்டுங்கள். அப்படியும் நின்றால் பொருள்களைக் கொடுத்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் படியில் விடை வருகிறதோ, சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருந்திருக்கிறது.

சொற்கள் செய்யும் வேலையைக் குறைவாக எடைபோட வேண்டாம். 1983இல் ஹட்சன் என்ற ஆய்வாளர் பறவைகளும் புழுக்களும் உள்ள படத்தைச் சிறு குழந்தைகளிடம் காட்டினார். “புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?” என்று கேட்டபோது மழலை வகுப்புக் குழந்தைகளில் 17 சதவீதமே சரியாகச் சொன்னார்கள். “ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் பறந்தால், எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?” என்று கேட்டபோது 83 சதவீதம். படமும் எண்களும் அதே. ‘எத்தனை அதிகம்’ என்ற சொல்தான் சுவராக நின்றது.

“‘மொத்தம்’னு வந்தா கூட்டு, ‘மீதி’ன்னு வந்தா கழி” என்று சொல்லிக்கொடுத்த குழந்தைகளை இப்படிச் சோதியுங்கள்: “மாலாவிடம் 12 பென்சில் இருக்கின்றன. அது ரவியிடம் இருப்பதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை?” ‘அதிகம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 17 என்பார்கள். பிரான்சில் 1980ஐ ஒட்டி நடந்த ஒரு சோதனை இன்னும் கலங்கவைக்கும். கப்பலில் 26 செம்மறியாடுகள், 10 வெள்ளாடுகள் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன என்று ஏழு, எட்டு வயதுக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் எண்களைச் சேர்த்து ஒரு வயதைச் சொன்னார்கள். கணக்கு என்றால் இருக்கும் எண்களை ஏதாவது செய்து விடை எழுதுவது என்று நாம் பழக்கியிருக்கிறோம். தீர்க்க முடியாத கணக்கு ஒன்றையும் அவ்வப்போது சோதனையில் சேருங்கள். “இதுல வயசு சொல்லலையே” என்று ஒரு குழந்தை தலை தூக்கிப் பார்த்தால் அதைக் கட்டாயம் குறித்து வையுங்கள்.

விரல் விட்டு எண்ணினா மார்க் குறைக்கணுமா?

வேண்டாம். எட்டும் ஏழும் பற்றி மேலே சொன்னதுபோல, விரல் நமக்குக் குழந்தையின் வழியைக் காட்டுகிறது. விரலைத் தடுத்தால் மேசைக்கு அடியில் எண்ணும், நமக்குத் தெரியாமல் போகும். ஒன்றிலிருந்து எண்ணுகிறதா, பெரிய எண்ணிலிருந்து எண்ணுகிறதா என்பதை மட்டும் எழுதி வையுங்கள். நான்காம் வகுப்பிலும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறது என்றால் சொல்லிக்கொடுக்க வேண்டியது பத்தாக்கும் வழி. விரலைக் கண்டிப்பது அதற்கு உதவாது.

வாய்ப்பாட்டுக்கு நேரம் வெச்சுச் சோதிக்கலாமா?

வாய்ப்பாட்டுக்கு மட்டும், அதுவும் பொருள் புரிந்த பிறகு, சிறிதளவு வைக்கலாம். இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டுச் சோதனை 2022 முதல் கட்டாயம்: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. ஆறு விநாடிக்குள் வருகிறதா என்பது நினைவிலிருந்து எடுக்கிறதா, தேடிக் கணக்கிடுகிறதா என்று காட்டும். வாய்ப்பாடு சரளமாக இருந்தால் நீண்ட வகுத்தலில் மனச்சுமை குறையும் என்பதும் உண்மை.

ஆனால் யோசிக்க வேண்டிய கணக்குக்குக் கடிகாரத்தை வைக்காதீர்கள். பதற்றம் மனதின் தற்காலிக நினைவிடத்தைப் பிடித்துக்கொள்ளும். கணக்குக்கு வேண்டிய இடம் குறைந்துவிடும். அப்போது நாம் அளப்பது பயத்தைத்தான். கடிகாரத்தைக் கண்டதும் கை நடுங்கும் குழந்தையிடம் நான் கைக்கடிகாரத்தை மறைத்து மனதுக்குள் எண்ணிக்கொள்வேன்.

வாயால கேட்டா டக்குனு சொல்றா. அதையே தாள்ல கொடுத்தா தப்பு பண்றா. எது நிஜம்?

இரண்டும் நிஜம். பிரேசிலின் ரெசீபி நகரில் தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. விற்கும் இடத்தில் கேட்டபோது 98.2 சதவீதக் கணக்குகள் சரி. அதே வகைக் கணக்குகளை எழுத்துக் கணக்காகக் கொடுத்தபோது 36.8 சதவீதமே சரி; வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 73.7 சதவீதம். பத்துத் தேங்காய் என்ன விலை என்ற கேள்விக்கு ஒரு பையன் ‘பத்தால் பெருக்கினால் பூஜ்யம் சேர்’ என்ற வழியில் போகவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, ஒன்று 35, மொத்தம் 350 என்று அடுக்கினான். தாளில் கேட்டிருந்தால் இந்த அறிவு வெளியே வந்தே இருக்காது.

உங்கள் மகள் வாயால் சொல்வதை வரிக்கு வரி நீங்கள் எழுதிக் காட்டுங்கள். “நீ சொன்னதைத்தான் எழுதினேன், பார்” என்று அவள் முன் வையுங்கள். எழுத்து முறை தனியாக ஒரு மந்திரம் என்ற எண்ணம் அப்போதுதான் கரையும். சோதனையின் பதிவில் வாய்க்கணக்கு, எழுத்துக்கணக்கு இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். சராசரி எடுக்க வேண்டாம்.

இங்கிலீஷ் மீடியத்துல படிக்கிறான். எந்த மொழியில கேக்கறது?

குழந்தை யோசிக்கும் மொழியில். பள்ளி மொழியில் தெரியாதது, வீட்டு மொழியில் கேட்டால் தெரிகிறது என்றால் அவனுக்குத் தேவை மொழி உதவி. கணக்கை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு மொழியிலும் எண்ணின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் தனியாகப் பாருங்கள். தமிழில் ‘தொள்ளாயிரம்’ என்று சொன்னால் சில குழந்தைகள் ஆயிரத்தை எழுதத் தொடங்குவார்கள். அது இடமதிப்புத் தவறா, சொல் தெரியாத தவறா என்பதை 900 என்று எழுதிக் காட்டிப் படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

தப்புன்னு தெரிஞ்சதும் அங்கேயே திருத்திடலாம்ல?

சோதிக்கும்போது வேண்டாம். திருத்தத் தொடங்கிய நொடியில் சோதனை நின்று பாடம் தொடங்கிவிடும். அடுத்த கணக்கில் வரும் விடை அவளுடையதா, நீங்கள் இப்போது சொன்னதா என்று பிரிக்க முடியாது. குறித்துக்கொண்டு, “சரி, அடுத்தது” என்று போங்கள். கடைசியில் அவளால் நிச்சயம் முடிகிற ஒன்றைக் கொடுத்து முடியுங்கள்.

மார்க் போடலைன்னா பிள்ளைங்க மதிக்க மாட்டாங்களே?

1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்ற குழந்தைகளே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். எண்ணைப் பார்த்ததும் கீழே எழுதியதைக் குழந்தை படிப்பதில்லை.

பள்ளி கட்டாயம் மதிப்பெண் கேட்டால் அதை உங்கள் ஏட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தாளில், “பத்துகளை அழகாகக் கழித்திருக்கிறாய். மேலே பூஜ்யம் இருக்கும் இடத்தை மணிகளை வைத்து இன்னொரு முறை செய்து பார்” என்று எழுதுங்கள். “நன்று”, “இன்னும் முயற்சி தேவை” போன்றவை குறிப்பு ஆகாது, அவை மதிப்பெண்ணுக்கு வேறு பெயர்.

எப்பவும் தொண்ணூறுக்கு மேல வாங்கற பொண்ணுக்கும் இது வேணுமா?

அவளுக்கும் வேண்டும். எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973இல் எழுதிய ஆய்வில் வரும் பென்னி என்ற பன்னிரண்டு வயதுப் பையன் வகுப்பில் நல்ல மாணவனாகக் கருதப்பட்டவன். ஒவ்வொரு பாடத்திலும் எண்பது சதவீதத் தேர்ச்சியைத் தாண்டித்தான் முன்னே போனான். உட்காரவைத்துப் பேசியபோது, 0.3உம் 0.4உம் கூட்டினால் 0.07 என்றான். தசமத்துக்கும் பின்னத்துக்கும் அவனே உருவாக்கிய விதிகள் ஏராளம். விடைத்தாளோடு ஒத்துப்போகும் ஒன்று கிடைக்கும்வரை விதிகளை மாற்றிப் பார்ப்பதே கணக்கு என்று நம்பியிருந்தான்.

நன்றாக மதிப்பெண் வாங்கும் குழந்தைக்கு, விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து, “இது ஏன் சரின்னு உன் தம்பிக்குச் சொல்லு” என்று கேளுங்கள். அல்லது முன்பு சொன்ன சமக்குறிக் கேள்வியைக் கொடுங்கள்.

சர்வதேசத் தேர்வுகள்ல நாடுகளை வரிசைப்படுத்துறாங்களே, அந்தக் கேள்விகளையே என் பிள்ளைக்குக் கொடுத்தா எங்க நிக்கறான்னு தெரியுமா?

தெரியாது. டிம்ஸ் என்ற சர்வதேச ஆய்வு 1995இலிருந்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நான்காம், எட்டாம் வகுப்புகளில் நடக்கிறது. அதில் எந்தக் குழந்தையும் எல்லாக் கேள்விகளையும் எழுதுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதிதான். அத்தனை பகுதிகளையும் சேர்த்து ஒரு நாட்டின் நிலையை மதிப்பிடுகிறார்கள். நடுப்புள்ளி 500 என்ற அளவுகோல் அதற்காக அமைக்கப்பட்டது. ஒரு குழந்தையை அளக்க அது உருவாக்கப்படவில்லை. அவர்கள் கேள்விகளைப் பிரிக்கும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: தெரிந்திருத்தல், பயன்படுத்துதல், காரணம் காணுதல். உங்கள் தாளில் பத்துக் கேள்வியும் முதல் வகையிலேயே இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ரெண்டு தடவை சோதிச்சாச்சு, எதுவுமே வரலை. இது கற்றல் குறைபாடா?

இரண்டு சோதனையில் அப்படி முடிவுகட்டக் கூடாது. டிஸ்கால்குலியா என்ற கணக்குக் கற்றல் குறைபாடு உண்மையில் இருக்கிறது; ஆய்வுகள் பெரும்பாலும் 3 முதல் 7 சதவீதம் வரை சொல்கின்றன. ஆனால் அந்தப் பெயரைச் சூட்ட வேண்டியவர் பயிற்சி பெற்ற நிபுணர். பெற்றோரோ ஆசிரியரோ நானோ அல்ல. அதற்கு முன் பார்க்க வேண்டியவை: கண், காது, நீண்ட விடுப்பு, பள்ளி மாற்றம், மொழி. கரும்பலகையிலிருந்து 8ஐ 3 என்று எழுதிவந்த ஒரு சிறுமியை எனக்கு நினைவிருக்கிறது. அவள் போட்ட கணக்குகள் அவள் நோட்டில் இருந்த எண்களுக்கு எல்லாமே சரி. கண்ணாடி வந்ததும் பிரச்சினை தீர்ந்தது.

இவற்றையெல்லாம் பார்த்து, படியிறங்கி நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் சில மாதங்களாக அசைவில்லை என்றால், நான்கு மணிகளை எண்ணாமல் பார்த்துச் சொல்ல முடியவில்லை, 7 பெரியதா 4 பெரியதா என்பதில் இன்னமும் தயக்கம் என்றால், தாமதிக்காமல் நிபுணரிடம் போங்கள். போகும்போது இதுவரை எழுதிவைத்த பதிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். அவை அவருக்குப் பெரிய உதவி.

எல்லாம் குறிச்சு வெச்சாச்சு. அடுத்து என்ன செய்ய?

ஒரு குழந்தைக்கு ஒரு விஷயம் மட்டும் தேர்ந்தெடுங்கள், படிக்கட்டில் மிகக் கீழே இருக்கும் ஓட்டையை. வகுப்பாக இருந்தால் ஒரே ஓட்டை உள்ளவர்களைச் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு குழுவாக உட்காரவையுங்கள். அடைந்ததும் குழுவைக் கலைத்துவிடுங்கள். நிரந்தரமாக ஒரு வரிசையில் உட்காரவைத்தால் பிள்ளைகளே அந்த வரிசைக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

பதிவு நீளமாக இருக்க வேண்டாம். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: “52 − 27க்கு 35. ‘ரெண்டுல ஏழு போகாது, அதனால திருப்பிட்டேன்’ என்றாள். பத்துக்கட்டைப் பிரித்துக் கழிக்கச் சொல்ல வேண்டும். கட்டும் குச்சிகளும்.” தேதி, அவ்வளவுதான். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவது முக்கியம். நாம் மாற்றி எழுதினால் இரண்டு வாரம் கழித்து நமக்கே புரியாது. அந்த இரண்டு வாரம் முடிந்ததும் 71 − 38 கொடுத்து, 33 வருகிறதா, 47 வருகிறதா என்று பாருங்கள். எது வந்தாலும், எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேளுங்கள்.